மேல்வீட்டு மைனர்

ஜனக்புரி, புது டெல்லி
9-6-2024

அன்புள்ள அண்ணன் ஜோதிலிங்கம் அவர்களுக்குத் தங்கை முத்தம்மாவின் வணக்கம். இங்கு நான், மருமகள் லதா, பேத்தி ஷ்ருதி மூவரும் சுகம். உங்கள் சுகத்தையும் அண்ணியின் முழங்கால் சுகத்தையும் எழுதவும். போன தடவை போனில் நான் "மழை உண்டா" என்று கேட்டால் நீங்கள் "மாலை ஏழு மணிக்கு" என்கிறீர்கள். உங்கள் காதுக்கும் என் தொண்டைக்கும் கடிதம்தான் சரி.

வெயில் நாற்பத்தாறு. கூலர் அனல் காற்றைத்தான் அடிக்கிறது. மகன் லட்சுமணனை மத்தியப் பிரதேசத்தில் ஏதோ மின்சார நிலையம் கட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் வருகிறான். லதா காலையில் பாங்குக்குப் போனால் ஆறரைக்குத்தான் திரும்புகிறாள். ஷ்ருதிக்குக் குர்கானில் வேலை. இருபத்துநாலு வயதில் அவளுக்குக் கீழே ஆறு பேர் வேலை பார்க்கிறார்களாம். ஊரில் நாலு பேரிடம் சொல்லுங்கள்.

ஒரு நல்ல சேதி. கீழே குடியிருக்கும் வீட்டுக்காரி மல்ஹோத்ரா அம்மாள் மொட்டைமாடி ஒற்றை அறையை, இங்கே பர்சாத்தி என்பார்கள், நம் பக்கத்து ஆளுக்கே வாடகைக்கு விட்டிருக்கிறாள். வந்து இரண்டு மாதம் ஆகிறது. பேர் செந்தில்குமார். வடுவூர்க்காரன். வயது முப்பத்துமூன்று. சாணக்யபுரியில் பெரிய பெரிய இடங்களுக்கு மளிகை சப்ளை செய்கிறானாம். வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான் இரண்டு திறந்திருக்கும், கழுத்தில் விரல் தடிமனுக்குச் சங்கிலி. படியில் அத்தர் வாசனை முதலில் இறங்கும், ஆள் பிறகு. "ஏன் அப்பாயி, இந்த வெயில்ல நீங்க மார்க்கெட்டுக்கு அலையலாமா? நான் எதுக்கு இருக்கேன்?" என்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து முருங்கைக்காயும் காப்பித்தூளும் வாங்கி வருகிறான். கீழே பெட்டியில் விழும் தபாலையும் அவனே எடுத்து வந்து கொடுத்துவிடுகிறான். எனக்கு இருபத்திரண்டு படி மிச்சம்.

அவனுடைய அக்கா மகள் செல்வி என்று ஒரு பெண் கூட இருக்கிறாள். படிக்க வைக்க அழைத்து வந்திருக்கிறான். வாயே திறக்காது. கறிவேப்பிலை கேட்டு வரும்போது வாசலிலேயே நிற்கும்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
தங்கை,
முத்தம்மா

மன்னார்குடி
17-6-2024

அன்புத் தங்கை முத்தம்மாவுக்கு ஜோதிலிங்கம் எழுதுவது. இங்கு இருவரும் நலம். அண்ணியின் முழங்கால் படி ஏறும், இறங்காது. அவ்விடத்து நலத்துக்கு அடிக்கடி எழுது.

உன் கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். சங்கிலி, அத்தர், பொத்தான் என்று வந்ததும், "அட, மைனரு! டெல்லியிலயும் இருக்கானுவளா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் காது கேட்காவிட்டாலும் அந்த ஒரு சொல் அவள் வாயசைவிலேயே தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வடுவூர் இங்கிருந்து பஸ்ஸில் அரைமணி. அவன் தகப்பனார் பேர், தெருப் பேர் இரண்டையும் கேட்டு எழுது. ஆண்பிள்ளை இல்லாத நேரம் வீட்டுக்குள் அவனை உட்கார வைக்காதே.

லதாவுக்கும் ஷ்ருதிக்கும் ஆசீர்வாதம்.
உன் அண்ணன்,
ஜோதிலிங்கம்

ஜனக்புரி
30-6-2024

அன்புள்ள அண்ணனுக்கு முத்தம்மாவின் வணக்கம். நலம். அண்ணியை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். என்னைச் சிரிக்க வைத்ததற்கும் நன்றி சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை நான் சத்தமாகப் படிக்கையில் ஷ்ருதி பக்கத்தில் இருந்தாள்.

"மைனரா? மைனர்னா எய்ட்டீன் ஆகாதவங்க அப்பாயி. குழந்தைங்க."

"நம்ம ஊர்ல நாப்பது வயசு மைனரெல்லாம் உண்டுடி."

"நாப்பது வயசுல எப்படி மைனர்? கணக்கே தெரியாதா உங்க ஊருக்கு?"

சட்டையில் செண்டு போட்டுக்கொண்டு பொம்பளைகளைச் சுற்றிச் சுற்றி வந்து சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவன்தான் மைனர் என்று விளக்கினேன். "ஓ, ப்ளேபாய்! அச்சா, அச்சா. அப்ப நம்ம மேல்வீட்டு மைனர்!" என்று கைதட்டினாள். அவன் அந்த நேரம் பார்த்துத் தபாலோடு வந்து நிற்கிறான். அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அவன் கோபித்துக்கொள்ளவே இல்லை. "அதுக்கெல்லாம் கொடுத்து வச்சிருக்கணுமே, ஷ்ருதி" என்று சிரித்தான். அந்த அடக்கத்தைப் பாருங்கள்.

தகப்பனார் பேர் வெங்கடராமன், காலமாகிவிட்டார். தெருப் பேரைக் கேட்பதற்குள் ஏதோ போன் வந்து மேலே போய்விட்டான்.

எனக்கு இரண்டு விஷயம். ஒன்று, நீங்கள் பத்திரம் எழுதியவர். குழந்தைக்குச் சொல்லும் சொல்லை நம் ஊரில் ஏன் இப்படி ஆட்களுக்குச் சொன்னார்கள்? ஷ்ருதிக்குச் சொல்ல வேண்டும். இரண்டு, என் மனதில் ஒரு எண்ணம் இருக்கிறது. நம் ஜாதி, நம் பக்கம், கைநிறையத் தொழில். அவளுக்கும் வயதாகிறது. நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

முத்தம்மா

மன்னார்குடி
11-7-2024

அன்புத் தங்கைக்கு. நலம். ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை.

கேட்டதற்குப் பதில். நாற்பத்தொரு வருஷம் "மைனர் இன்னாருக்காக அவர் தகப்பனாரும் கார்டியனுமான இன்னார்" என்று எழுதி எழுதித் தேய்ந்த கை இது. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு ஜமீன்தார் செத்து, வாரிசு சின்னப் பிள்ளையாக இருந்தால், சர்க்காரே ஜமீனை எடுத்து நடத்தியது. காகிதத்தில் எல்லாம் "மைனர் ஜமீன்தார்" என்று வரும். மற்றவர்களுக்குப் பதினெட்டில் வயது வந்தால், இப்படிக் கார்டியன் போட்ட பிள்ளைக்கு இருபத்தொன்று. அதுவரை அவனுக்கு வேலை இல்லை, பொறுப்பு இல்லை, ஏன் என்று கேட்க ஆள் இல்லை. மீசை முளைத்த ஆள், சட்டப்படி குழந்தை. பட்டுச் சட்டை, சங்கிலி, வில்வண்டி, ஊர்ப் பெண்கள். காகிதத்தில் இருந்த பேரை ஜனங்கள் ஆளுக்கு வைத்தார்கள். பிறகு நம் பக்கத்து மிராசுதார் பிள்ளைகளும் அதேபோல் திரிந்து அந்தப் பேரை வாங்கிக்கொண்டார்கள்.

வயது வந்தால் மேஜர் ஆக வேண்டும் அல்லவா? எந்த ஊரிலும் "மேஜர் வருகிறார்" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஐம்பதிலும் மைனர், பல் விழுந்தாலும் மைனர். அந்தச் சொல்லுக்குள் ஒரு மன்னிப்பு இருக்கிறது, முத்தம்மா. சின்னப் பிள்ளைதானே, போகட்டும், என்று. அதனால்தான் மைனர் என்றதும் எல்லோரும் சிரிக்கிறார்கள், உன் அண்ணியைப் போல, உன் பேத்தியைப் போல. அயோக்கியன் என்று சொல்லிப் பார், யாராவது சிரிக்கிறார்களா என்று.

நம் அக்கா வள்ளி விஷயத்திலும் "பண்ணைவீட்டு மைனர்" என்று சொல்லித்தான் சிரித்தார்கள். அவளைக் குளத்திலிருந்து எடுத்துப் போட்ட அன்றுகூட ஒருவர் "மைனர் வேலை" என்றார், பாதிச் சிரிப்போடு. உனக்குப் பத்து வயது. ஐந்தாவதோடு உன்னை நிறுத்தியதற்கு பஸ் வசதி இல்லை என்று அப்பா காரணம் சொன்னார். பஸ் இருந்தது.

நான் விசாரித்து எழுதும்வரை உன் எண்ணத்தை யாரிடமும் சொல்லாதே.

ஜோதிலிங்கம்

ஜனக்புரி
2-9-2024

அண்ணன் அவர்களுக்கு. சுகம். அங்கும் சுகம் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் வந்து ஐம்பது நாள் ஆகிறது. அக்காவைப் பற்றி எழுதியதை இரண்டாம் தரம் படிக்கவில்லை. மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். செத்தவளைக் கொண்டுவந்து உயிரோடு இருக்கிற பெண்ணின் கல்யாணத்தில் உட்கார வைக்காதீர்கள். சங்கிலி போட்டவனெல்லாம் மைனர் என்றால் இந்த ஜனக்புரியில் பாதிப் பஞ்சாபிகள் மைனர்தான். நான் ஐந்தாவது படித்தவள்தான். ஆனால் முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊரில், பாஷை தெரியாமல், ஒருத்தனிடமும் ஏமாறாமல் குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஆள் தராதரம் எனக்குத் தெரியும்.

ஷ்ருதியும் அவனும் காலையில் மெட்ரோவுக்கு ஒன்றாகத்தான் போகிறார்கள். அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, கண்ணாடி முன்னால் நிற்கும் நேரம்தான் கூடியிருக்கிறது. தீபாவளிக்கு லட்சுமணன் வந்ததும் பேசி, தை மாதம் பூ வைத்துவிடலாம் என்று இருக்கிறேன். லதாவுக்கும் சம்மதம்.

அந்தச் செல்விதான் சரியில்லை. பள்ளிக்கூடத்தில் இன்னும் இடம் கிடைக்கவில்லையாம். டெல்லி ஆயிற்றே என்று அவன் வெளியே போகும்போது வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டு போகிறான். பொறுப்பான ஆள். போன வாரம் அவன் குளிக்கிற நேரத்தில் கீழே வந்து, "அப்பாயி, ஒரு இன்லேண்டு லெட்டர் தருவீங்களா?" என்று கேட்டாள். யாருக்கு என்றேன். மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள். "உங்க மாமாவக் கேளு, வாங்கித் தருவாரு" என்று அனுப்பிவிட்டேன். அவனிடமும் சொன்னேன். அதிலிருந்து கறிவேப்பிலைக்குக்கூட வருவதில்லை. அந்த வயதிலேயே ரோஷத்தைப் பாருங்கள்.

முத்தம்மா

மன்னார்குடி
10-9-2024

அன்புத் தங்கைக்கு. நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை.

உன் கடிதம் கண்டு நேற்றே வடுவூர் போய் வந்தேன். நாலு தெரு நடந்தேன். வெங்கடராமன் மகன் செந்தில்குமார் என்றதும் ஒரு கிழவி கதவைச் சாத்தினாள். பிறகு டீக்கடையில் ஒருவர் எழுதிக் காட்டிச் சொன்னார். அவனுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். மனைவி தாய்வீட்டில் இருக்கிறாள். கையில் அவன் வைத்த சூட்டின் தழும்பு. அவளை நேரில் பார்த்தேன். "டெல்லியில இப்ப யாருங்க?" என்று மட்டும் கேட்டாள். நான் சொன்னதும் உள்ளே போய்விட்டாள்.

இன்னொன்று. வெங்கடராமனுக்கு ஒரே பிள்ளை. செந்தில்குமாருக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. அப்படியானால் அக்கா மகள் எங்கிருந்து வந்தாள்? பூட்டிய அறைக்குள் இருக்கும் அந்தப் பெண் யார்? அவள் யாருக்கு எழுத இன்லேண்ட் கேட்டாள்?

கல்யாணப் பேச்சை நிறுத்து. கடிதம் கண்டவுடன் பதில் போடு.

ஜோதிலிங்கம்

மன்னார்குடி
30-9-2024

முத்தம்மாவுக்கு. வடுவூர் போய் வந்ததை விவரமாக எழுதி இருபது நாள் ஆகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு லதாவுக்குப் போன் பேசச் சொன்னேன். எல்லோரும் நலம் என்றாளாம். நலம் என்றால் நீ ஏன் எழுதவில்லை? என்மேல் கோபமானால் கோபம் என்றாவது எழுது.

ஜோதிலிங்கம்

ஜனக்புரி
12-10-2024

அன்புள்ள அண்ணனுக்கு. எல்லோரும் சுகம். நவராத்திரிக்கு ஒன்பது நாளும் சுண்டல் செய்தேன். அண்ணிக்கு மருந்து ஒத்துக்கொள்கிறதா?

உங்கள் போன மாதக் கடைசிக் கடிதத்தைத் தபால்காரன் கீழே வாசலில் என் கையிலேயே கொடுத்தான், ஆனால் நீங்கள் வடுவூர் போய் எழுதியதாகச் சொல்லும் கடிதம் எதுவும் எனக்கு வரவில்லை. தபாலையெல்லாம் செந்தில்குமார்தான் பெட்டியிலிருந்து எடுத்து வருகிறான். அவனிடமே கேட்டேன். "தபால்காரங்க இப்பல்லாம் எங்க அப்பாயி ஒழுங்கா போடுறானுவ?" என்றான். போகட்டும், என்ன எழுதினீர்கள் என்று திரும்ப எழுதுங்கள்.

அவன் இப்போதெல்லாம் உங்களை மிகவும் விசாரிக்கிறான். தாத்தாவுக்கு வயது என்ன, தனியாகவா பஸ்ஸில் போய் வருகிறார், காது கேட்காதவர் ரோட்டைக் கடக்கும்போது யாராவது துணைக்குப் போகக் கூடாதா என்று. எத்தனை அக்கறை!

ஷ்ருதி பார்லருக்குப் போய் முடியை வெட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அவனுக்கு அப்படித்தான் பிடிக்குமாம். செல்விக்குக் காய்ச்சல் என்றான். நான் கஷாயம் வைத்துக் கொடுத்தேன், வாசலிலேயே வாங்கிக்கொண்டான்.

இந்தக் கடிதத்தையும் தானே பெட்டியில் போடுவதாகச் சொல்லி, நான் எழுதி முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருக்கிறான். ஆகையால் இத்துடன் முடிக்கிறேன்.

முத்தம்மா

மன்னார்குடி
19-10-2024

அன்புத் தங்கைக்கு. இந்தக் கடிதத்தை லதா வேலை பார்க்கும் பாங்குக்கு அனுப்புகிறேன். அவள் கையிலிருந்து நீ நேரே வாங்கிக்கொள்.

உன் கடிதம் இரண்டு தரம் பசை ஒட்டி வந்தது. பத்திர ஆபீஸில் நாற்பது வருஷம் கவர் ஒட்டினவனுக்கு அது தெரியாதா? என் கடிதத்தைத் தபால்காரன் தொலைக்கவில்லை.

அதில் இருந்தது இதுதான். அவனுக்கு மனைவி உயிரோடு இருக்கிறாள். கையில் சூட்டோடு தாய்வீட்டில் இருக்கிறாள். அவனுக்கு அக்கா கிடையாது. செல்வி அவனுக்கு உறவு கிடையாது. நான் ரோட்டைக் கடப்பதை அவன் ஏன் விசாரிக்கிறான் என்பதை நீயே யோசி.

லட்சுமணனை உடனே வரச் சொல். அவன் வரும்வரை செந்தில்குமாரிடம் முகம் மாறாமல் பேசு. எனக்கு எழுதும் கடிதத்தை நீயோ லதாவோ போடுங்கள். கடவுள் துணை.

ஜோதிலிங்கம்

ஜனக்புரி
3-11-2024

என் அண்ணனுக்கு முத்தம்மாவின் நமஸ்காரம். தீபாவளி கொண்டாடவில்லை. கண் எரிகிற புகை. லட்சுமணன் வந்திருக்கிறான். இதை லதா தன் கையால் போடுகிறாள். நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை லதா தீபாவளிக்கு முந்தின வாரம் வியாழக்கிழமை கொண்டுவந்தாள். இரண்டு பேரும் சமையலறையில் நின்றே படித்தோம். "இருங்க அத்தை, அவர் வரட்டும்" என்று அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. நான் பார்த்துத் தேர்ந்தெடுத்தவன் அல்லவா? நானே துரத்த வேண்டும் என்று இருந்தது. மறுநாள் ஷ்ருதியும் அவனும் மெட்ரோவுக்குப் போனதும் மல்ஹோத்ரா அம்மாளிடம் போனேன். பொம்பளைகளை ஏமாற்றுகிறவனுக்கு வீடு கொடுத்திருக்கிறாய், காலி செய்யச் சொல் என்பதுதான் என் எண்ணம். அவ்வளவு ஹிந்தி எனக்கு எங்கே தெரியும்? மேலே மைனர் இருக்கிறான், ரொம்ப மோசம், பெண்ணோடு சுற்றுகிறான் என்று தெரிந்த சொல்லில் சொன்னேன்.

"மல்ஹோத்ரா ஜி, ஊப்பர் மைனர் ஹை."

"க்யா?"

"மைனர் ஹை, ஊப்பர். பஹுத் கராப். லட்கி கே சாத்..."

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "மைனர்? லட்கி மைனர் ஹை? மேரே பர்சாத்தி மே?"

"ஹாங் ஜி, மைனர், மைனர்" என்று நானும் மார்பில் அடித்துக்கொண்டேன். லட்கி என்றால் பெண், நான் சொன்னது நம் ஷ்ருதியை.

ஒருமணி நேரத்தில் வாசலில் போலீஸ் ஜீப். ஒரு பெண் போலீஸ், குழந்தைகளுக்கான ஆபீஸிலிருந்து ஒரு அம்மாள். "மைனர் கஹாங் ஹை?" என்று என்னைத்தான் கேட்டார்கள். அவன் வெளியே போயிருக்கிறான் என்று நான் கையைக் காட்டினேன். அவர்கள் என்னைத் தாண்டி மேலே ஓடினார்கள். பூட்டை உடைக்கும் சத்தம் கேட்டபோதுதான், அண்ணா, ஷ்ருதி அன்று சொன்ன அர்த்தம் எனக்கு நினைவு வந்தது.

அந்தப் பெண்ணுக்கு ஹிந்தி வராது. தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று, என் அரைகுறை ஹிந்தியில் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். கட்டில் ஓரத்தில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு மெலிந்து போயிருந்தாள்! வயது என்ன என்று கேட்கச் சொன்னார்கள்.

"பதினஞ்சு."

"இவரு உனக்கு யாரு?"

"மாமான்னு கூப்பிடச் சொன்னாங்க."

"எப்ப வந்தே?"

"பங்குனியில. டெல்லியில வீட்டு வேலைன்னு அம்மாட்ட சொன்னாங்க." பிறகு போலீஸ் கேட்காத ஒன்றை என்னிடம் சொன்னாள். "நான் லெட்டர் கேட்டத அவங்ககிட்ட நீங்க சொல்லிட்டீங்களா அப்பாயி?"

அதை நான் ஹிந்தியில் சொல்லவில்லை. மற்றதை எல்லாம் சொன்னேன். அவள் சொன்னவை, நான் என் வாயால் திருப்பிச் சொன்னவை எதையும் கடிதத்தில் எழுத முடியாது.

சாயங்காலம் அவன் கையில் எங்கள் தபாலோடு படியேறும்போது பிடித்துக்கொண்டார்கள். பெண் போலீஸ் என் தோளைத் தட்டி, "ஷாபாஷ் தாதி, பச்சி கோ பச்சா லியா" என்றாள். குழந்தையைக் காப்பாற்றிவிட்டேனாம். கூர்மையான கிழவி என்று காலனி முழுக்கப் பேச்சு. அவர்கள் கொடுத்த டீயை வாங்கிக் குடித்தேன். இல்லை, எனக்குத் தெரியாது, நான் சொன்னது வேறு என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. மாடியில் வடகம் காயப்போடப் போகும்போதெல்லாம் அந்தப் பூட்டைப் பார்த்தவள் நான். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

முத்தம்மா

மன்னார்குடி
15-11-2024

அன்புத் தங்கைக்கு. உன் கடிதத்தை அண்ணிக்கு வாசிக்கவில்லை. நானே மூன்று தரம் வாசித்தேன். நலமாக இரு, வேளைக்குச் சாப்பிடு.

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் என்று எழுதினேன். இரண்டும் ஒரே அறையில் குடியிருக்கும் என்று நினைக்கவில்லை. நீ பதற வேண்டாம். நீ எந்த அர்த்தத்தில் சொன்னாய் என்பதில் வழக்கு நிற்காது. அந்தப் பெண்ணின் வாக்குமூலத்திலும் அவளுடைய பிறப்புச் சான்றிதழிலும் நிற்கும். அவள் தாயைக் கண்டுபிடித்துவிட்டார்களா?

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். அன்று ஷ்ருதி வீடு திரும்பியதும் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. அவள் எப்படி இருக்கிறாள்? எழுது.

ஜோதிலிங்கம்

ஜனக்புரி
21-4-2025

அன்புள்ள அண்ணனுக்கு. கார்த்திகையில் வந்த கடிதத்துக்குச் சித்திரையில் பதில் எழுதுகிறேன். உங்கள் பொங்கல் கார்டும் கிடைத்தது. அண்ணிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று லதா சொன்னாள். சந்தோஷம்.

செல்வியின் தாய் வந்து அழைத்துப் போய்விட்டாள். போகும்போது என்னைப் பார்க்க விரும்புகிறாளா என்று செல்வியைக் கேட்டார்களாம். வேண்டாம் என்றாளாம். சரிதான்.

நீங்கள் கேட்டது ஷ்ருதியை. ஆபீஸிலிருந்து வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "செந்திலுக்கு என்ன ஆச்சு?" அந்தப் பெண்ணைக் கேட்கவில்லை. நான் எல்லாம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நீ குழந்தைன்னு சொல்லல அப்பாயி. ப்ளேபாய்னு சொன்னே. எனக்குத் தெரியும், நீதானே எனக்கு அந்த வேர்டையே சொல்லிக் கொடுத்தே. தப்பாப் புரிஞ்சுகிட்டு ஒரு ஆள உள்ள போட்டுட்டாங்க" என்றாள். "அந்தப் பொண்ணு சொன்னதுடி?" என்றேன். "பயமுறுத்திச் சொல்ல வச்சிருப்பாங்க. பாவம்னு சாப்பாடு போட்டு வச்சிருந்தாரு." இது அவள் பேச்சு இல்லை, அவன் பேச்சு. அவன் மனைவியின் கையைப் பற்றிச் சொன்னேன். "உன் அண்ணன் பாத்தாரு, சரி. காது கேக்காதவர்கிட்ட யார் என்ன சொன்னாங்களோ" என்றாள்.

மாசியில் அவன் ஜாமீனில் வந்தான். நாலாம் நாள் ஷ்ருதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். குர்கானில் தோழி வீடு என்றாள். தோழி வீட்டில் அவள் இல்லை. லட்சுமணன் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினான். நானும் போனேன். அதே பெண் போலீஸ்தான். ஆதார் கார்டில் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டுக் கார்டைத் திருப்பிக் கொடுத்தாள். "லட்கி மேஜர் ஹை, தாதி. அப்னி மர்ஸி." பெண்ணுக்கு வயது வந்துவிட்டது, அவள் இஷ்டம் என்று அர்த்தம். மேஜர் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்று எழுதினீர்கள். நான் கேட்டுவிட்டேன்.

மே ஆறாம் தேதி நான் சாட்சி சொல்ல வேண்டும். "மைனர் என்று யாரைச் சொன்னாய்?" என்று அவன் வக்கீல் கட்டாயம் கேட்பாராம். அந்தக் கேள்வியை அவருக்கு எடுத்துக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். குழந்தையைத்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் காலனியில் என் பேர் அப்படியே நிற்கும். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. அவனைத்தான் சொன்னேன் என்பேன். அந்தக் குழந்தையைச் சொல்லவே இல்லை, ஆறு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தும் சொல்லவில்லை, கடிதம் கேட்டு வந்தவளை அவனிடமே காட்டிக்கொடுத்தேன் என்றும் சொல்வேன். அதைச் சொன்னால்தான் மற்றது பொய் இல்லை என்று ஷ்ருதி நம்புவாள். நம்பாமலும் போகலாம்.

நேற்று லதாவின் போனில் ஒரு வரி வந்தது. "ஆறாம் தேதி நானும் கோர்ட்டுக்கு வருவேன், செந்திலோட." படத்தில் அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறாள், இந்தச் சித்திரை வெயிலில்.

உள்ளே கூண்டில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவேன். வெளியே வந்து, வராந்தாவில் அவன் பக்கத்தில் நிற்கும் என் பேத்தியிடம் என்ன சொல்வது என்றுதான், அண்ணா, எனக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் ஆறாம் தேதிக்குள் கிடைக்கும்படி எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
முத்தம்மா